மாதவிடாய் நஞ்சு: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

மனிதன் அஞ்சி ஒதுங்கிய பொருள்கள் பல. இடியைக் கண்டு அஞ்சினான். கிரகணத்தைக் கண்டு அஞ்சினான். வானத்தில் வால்மீன் தோன்றினால் நாட்டுக்குக் கேடு வரும் என்று நடுங்கினான். அறிவு வளர வளர இவ்வச்சங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. இடி பிறக்கும் காரணத்தையும், கிரகணம் நிகழும் காலத்தையும் இன்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால், மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே, தன் தாயிடத்தும் தமக்கையிடத்தும் மனைவியிடத்தும் மகளிடத்தும் கண்டு அஞ்சிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் மாதவிடாய் இரத்தம். அவ்வச்சம் நீங்குவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இன்னும் முற்றும் நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூல் ஒன்றை இயற்றினார். அதில் மாதவிடாய் இரத்தத்தின் தீங்குகள் நீண்ட பட்டியலாகக் கூறப்பட்டுள்ளன. அது பட்டால் புதிய மது புளித்துப் போகுமாம், பயிர் கருகுமாம், மரத்தின் கனிகள் உதிருமாம், கண்ணாடியின் ஒளி மங்குமாம், தேனீக்கள் கூண்டோடு மடியுமாம். இவை பழங்காலத்து நம்பிக்கைகள் என்று நாம் எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், 1878-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகழ்பெற்ற இதழொன்றில் ஒரு விவாதம் நடைபெற்றது. மாதவிடாய்க் காலத்தில் உள்ள பெண் உப்பிட்டுப் பதப்படுத்தும் இறைச்சி கெட்டுவிடுமா என்பதே அவ்விவாதத்தின் பொருள். நம் நாட்டு நிலையும் இதற்கு மாறானதன்று. 'ஊறுகாய்ச் சாடியைத் தொடாதே, துளசிச் செடியின் அருகில் போகாதே, தீட்டுப் பட்டால் செடி பட்டுப்போகும்' என்று பெண் குழந்தைகளுக்குச் சொல்லும் வழக்கத்தை நாம் அறிவோம். கடல் கடந்த நாடுகளிலும் இதே அச்சம், இதே சொற்களில் வழங்கிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்த அச்சம் சோதனைச் சாலைக்குள்ளும் புகுந்தது. அங்கே அதற்கு விஞ்ஞானத்தின் பெயரே சூட்டப்பட்டது. பின்னர் அதே சோதனைச் சாலையில் அது வீழ்த்தவும் பட்டது. அதன்பின், நஞ்சைத் தேடிய இடத்தில் வேறொன்று கிடைத்தது. அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

முதலாம் உலகப் போர் முடிந்த காலம். வியன்னா நகரில் பேலா ஷிக் என்னும் குழந்தை மருத்துவர் பணியாற்றி வந்தார். ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். தொண்டை அடைப்பான் என்னும் கொடிய நோய் ஒரு குழந்தையைத் தாக்கக் கூடுமா என்று முன்கூட்டியே அறியும் சோதனையை 1913-இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். அதற்கு முன்பே, பிர்க்கே என்னும் அறிஞருடன் சேர்ந்து, ஊசி வழியாகச் செலுத்தும் சீரத்தால் உண்டாகும் நோயைப் பற்றி 1905-இல் நூல் எழுதியவர். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பற்றி அக்காலத்தில் அவரைப் போல் அறிந்தவர்கள் சிலரே. இதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணிடம் ரோஜா மலர்களைக் கொடுத்து நீரில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அம்மலர்கள் வாடிக் கிடந்தன. காரணம் கேட்டபோது, தாம் மாதவிடாயில் இருப்பதாகவும், அந்நாட்களில் தாம் தொடும் மலர்கள் வாடிவிடுவது வழக்கம் என்றும் அப்பெண் கூறினாள். ஷிக் இதைப் பெண் பேச்சு என்று ஒதுக்கவில்லை. பலரிடம் மலர்களைக் கொடுத்துச் சோதித்தார். மாவு பிசையச் சொல்லி, அது எவ்வளவு பொங்குகின்றது என்றும் பார்த்தார். இறுதியில் 1920-இல் வியன்னா மருத்துவ வார இதழ் ஒன்றில் தம் முடிவை வெளியிட்டார். மாதவிடாய்க் காலத்தில் பெண்ணின் உடலில் ஒரு நஞ்சு தோன்றுகின்றது, அது தோலின் வழியாகவும் வெளிப்படுகின்றது என்பதே அம்முடிவு. அந்நஞ்சுக்கு 'மெனோடாக்சின்' என்று பெயரும் இட்டார்.

ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால், அப்பொருள் இருக்கின்றது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றி விடுகின்றது. பிளினியின் கதைக்கு இப்போது கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் கிடைத்துவிட்டது. ஒரு மலர் வாடுவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அறையின் வெப்பம், நீரின் தன்மை, மலரைப் பறித்த நேரம், அதைக் கையாண்ட விதம் ஆகிய யாவும் அதன் ஆயுளை மாற்றும். ஒரு சிலரைக் கொண்டு செய்த சோதனை இக்காரணங்களை எல்லாம் விலக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் அக்கருத்து அட்லாண்டிக் கடலையும் கடந்து சென்றது.

அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மாக்ட் என்னும் மருந்தியல் அறிஞர் இந்நஞ்சைச் செடிகளைக் கொண்டு அளக்க முற்பட்டார். லூப்பின் என்பது அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதன் இளம் நாற்றுகளை ஊட்டநீரில் வளர்த்து, அந்நீரில் மாதவிடாய்க் காலத்துப் பெண்களின் இரத்த நீரைச் சிறிதளவு கலந்து, வேர் வளரும் வேகத்தை அளந்தார். வளர்ச்சி குன்றிற்று என்று அவரும் அவருடைய துணைவர் லூபினும் 1920-களின் முற்பகுதியில் எழுதினார்கள். பின்னர் 1940-இல், பாஸ்டன் நகரப் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்னும் ஆராய்ச்சித் தம்பதியர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மாதவிடாய்க் கழிவைச் சேகரித்து எலிகளின் உடலில் செலுத்தினர். எலிகள் இறந்தன. மலர் வாடியதை வேறு காரணம் கூறி மறுக்கலாம். இறந்துபோன எலியை எப்படி மறுப்பது? நஞ்சு இருப்பது உறுதியாயிற்று என்று பலர் எண்ணினர்.

இந்நிலையில் வந்தவர் பெர்னார்டு ஸோண்டெக். இவர் ஜெர்மனியில் ஆஷ்ஹைம் என்பவருடன் சேர்ந்து, கருவுற்றதை அறிவிக்கும் முதல் நம்பகமான சோதனையை 1927-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிப் பெயர் பெற்றவர். யூதர் என்னும் காரணத்தால் ஹிட்லரின் ஆட்சியில் 1933-இல் பதவி இழந்து, நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் ஜெரூசலத்தில் குடியேறி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மாதவிடாய் இரத்தத்தில் தனிப்பட்ட நஞ்சு ஏதேனும் உண்டா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு, 1953-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவருடைய சிந்தனை மிக எளியது. மாதவிடாய் இரத்தம் கருப்பையிலிருந்து வெளிவரும் வழியில் நுண்கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. அவை அங்கே தீங்கு செய்வதில்லை. ஆனால் அவ்விரத்தத்தைச் சேகரித்து வைத்தால், புரதம் நிறைந்த அந்நீர்மத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அதை எலியின் உடலுக்குள் ஊசியால் செலுத்தினால், எலிக்குச் செலுத்தப்படுவது இரத்தம் மட்டும் அன்று, கிருமிக் கூட்டமும் ஆகும். அப்படியானால் எலியைக் கொன்றது எது? இதை அறிய, கிருமிகளை அழிக்கும் மருந்துகளை அவர் பயன்படுத்தினார். கிருமிகளின் வேலை தடுக்கப்பட்டபோது எலிகள் பிழைத்துக்கொண்டன. எலிகளைக் கொன்றது பாக்டீரியாவே. பெண்ணின் உடலில் ஊறிய நஞ்சு என்று ஒன்று இல்லை.

மாணவர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். ஸ்மித் தம்பதியர் பொய் சொல்லவில்லை. எலிகள் இறந்தது உண்மை. அவர்கள் கண்டதில் பிழையில்லை. கண்டதற்குக் கற்பித்த காரணத்தில்தான் பிழை இருந்தது. இரண்டு காரணங்கள் கலந்திருக்கும்போது, ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றைத் தனியே பார்ப்பதுதான் சோதனையின் உயிர். ஸோண்டெக்குக்கு முன்பு அதைச் செய்யவேண்டும் என்று தோன்றாமைக்குக் காரணம் என்ன? 'இது நஞ்சு' என்னும் முடிவு சோதனை தொடங்குவதற்கு முன்பே மனத்தில் இருந்தமையே காரணம் எனலாம். பெருவிரலில் காயம்பட்டு ஒழுகும் இரத்தத்தைச் சேகரித்து, பல மணி நேரம் வைத்திருந்து எலிக்குச் செலுத்தியிருந்தால், விரலில் நஞ்சு ஊறுகின்றது என்று எவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நஞ்சு இல்லை என்றால், அந்நீர்மத்தில் உள்ளது என்ன? அது வெறும் கழிவு இரத்தந்தானா? இதற்கு விடை வேறொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. அதைக் காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அதே வியன்னா நகரில், ஷிக்கின் மலர்ச் சோதனைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1908-இல், ஹிட்ஷ்மன், ஆட்லர் என்னும் இரு மருத்துவர்கள் கருப்பையின் உட்படலத்தை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். அதுவரை நோயின் அடையாளம் என்று கருதப்பட்ட பல மாற்றங்கள், மாதந்தோறும் ஒழுங்காக வந்துபோகும் இயல்பான மாற்றங்களே என்று அவர்கள் காட்டினர். படலம் வளர்கின்றது, தடிக்கின்றது, உதிர்கின்றது, மீண்டும் வளர்கின்றது. இம்மாற்றங்களை ஆட்டுவிப்பது எது என்பதை அடுத்து வந்தவர்கள் கண்டனர். 1923-இல் எட்கர் ஆலனும் எட்வர்டு டாய்சியும் சூலகத்தில் சுரக்கும் ஹார்மோனின் வேலையை நிலைநாட்டினர். 1929-இல் ஜார்ஜ் கார்னரும் வில்லர்டு ஆலனும் மற்றொரு ஹார்மோனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். அதுவே பின்னர் புரோஜெஸ்டிரோன் எனப் பெயர் பெற்றது. கரு தங்காதபோது இந்த ஹார்மோனின் அளவு விரைந்து குறைகின்றது; அதன்பின் படலம் உதிர்கின்றது.

இவ்வுதிர்தலைக் கண்ணாலேயே பார்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் மார்க்கி என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர். அவர் செய்தது வியப்புக்குரிய செயல். ரீசஸ் இனத்துப் பெண் குரங்கின் கருப்பைப் படலத்திலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதே குரங்கின் கண்ணில், கருவிழிக்கு முன்னுள்ள நீரறையில் பதியம் வைத்தார். அத்துணுக்கு அங்கே வேர்கொண்டு வளர்ந்தது. கண்ணின் முன்புறம் தெளிந்த பளிங்கு போன்றதாகையால், நுண்ணோக்கியின் வழியே நாள்தோறும் அதைப் பார்க்க முடிந்தது. குரங்குக்கு மாதவிடாய் வந்தபோது கண்ணிலிருந்த துணுக்கிலும் இரத்தம் கசிந்தது! கசிவதற்கு முன், படலத்தின் சுருள் வடிவான நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதை அவர் கண்டார். 1940-இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி, மாதவிடாய் என்பது ஒழுங்கு தவறாத ஒரு நிகழ்ச்சித் தொடர் என்பதை உணர்த்தியது. கருப்பையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத துணுக்கும் அதே நேரத்தில் உதிர்ந்தது என்றால், 'உதிர்க' என்னும் ஆணை இரத்தத்தின் வழியே வந்திருக்க வேண்டும் அன்றோ?

ஹார்மோன் குறைவது ஆணை. அவ்வாணையைப் படலத்தினுள் நிறைவேற்றும் ஏவலர்கள் யார்? முதல் ஏவலரைக் கண்டவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்கில்ஸ் என்பவர். மாதவிடாய் நீர்மத்திலிருந்து எடுத்த சாறு தசையைச் சுருங்கச் செய்கின்றது என்று 1957-இல் அவர் அறிவித்தார். பின்னர் அச்சாற்றில் இருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் என்று தெரிந்தது. இவற்றுக்கு அப்பெயரை 1935-இல் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஃபான் ஆய்லர். ஆணின் விந்து நீர்மத்தில் அவை காணப்பட்டமையால், புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகின்றன என்று எண்ணி அவ்வாறு பெயரிட்டார். உண்மையில் உடலின் பெரும்பாலான திசுக்கள் அவற்றை உண்டாக்குகின்றன. காயம் பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிக்கில்ஸும் அவர்தம் குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மாதவிடாய் வலியால் துன்புறும் பெண்களின் நீர்மத்தில் தசையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் மிகுதி என்று காட்டிற்று. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அதுவரை எத்தனையோ மருத்துவர்கள் இவ்வலியை மனத்தின் கோளாறு என்றும், பெண்மையை ஏற்க மறுக்கும் மனநிலை என்றும் கூறி வந்தனர். வலியால் சுருண்டு கிடந்த பெண்ணுக்கு அறிவுரை கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. 1971-இல் இலண்டனில் ஜான் வேன் என்பவர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன என்று கண்டறிந்தார். அதன்பின் அவ்வகை மருந்துகளை மாதவிடாய் வலிக்குக் காரணம் அறிந்தே கொடுக்கும் வழக்கம் பரவிற்று. வேனும், சுவீடன் நாட்டு பெர்க்ஸ்ட்ரோமும் சாமுவெல்சனும் 1982-இல் இத்துறைக்காக நோபெல் பரிசு பெற்றனர்.

இதே காலத்தில் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியிலும் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் நம் உடலின் காவற்படை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். படை வீரர்கள் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறிக் கொள்ளாவிட்டால் போர் நடத்த முடியாது. வெள்ளணுக்களும் மற்ற உயிரணுக்களும் எவ்வாறு செய்தி அனுப்புகின்றன? மிகச் சிறிய புரதங்களைச் சுரந்து, அவற்றைத் தூதாக விடுகின்றன. 1957-இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், வைரசால் தாக்கப்பட்ட உயிரணு அண்டை உயிரணுக்களை எச்சரிக்கச் சுரக்கும் பொருளைக் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் புரதங்களுக்குப் பொதுவாக 'சைட்டோகைன்' என்னும் பெயர் 1974-இல் வழங்கப்பட்டது. வெள்ளணுக்களுக்கிடையே செல்லும் தூதுகளுக்கு 'இன்டர்லூக்கின்' என்னும் பெயர் 1979-இல் ஏற்பட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு அழைக்கப்படும் இவற்றுள் எட்டாவதற்கு நம் வரலாற்றில் தனியிடம் உண்டு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைக் காயம் பட்ட இடத்துக்கு 'வருக' என்று அழைப்பது அதன் வேலை.

1986-இல் லிவர்ப்பூலைச் சேர்ந்த காலின் ஃபின் ஒரு கருத்தை முன்வைத்தார். மாதவிடாய்க்கு முன் கருப்பைப் படலத்தில் வீக்கம் தோன்றுகின்றது, வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன, திசு சிதைகின்றது, பின் ஆறுகின்றது. காயத்தில் உண்டாகும் அழற்சியின் இலக்கணம் முழுவதும் இங்கே பொருந்துகின்றது என்பதே அக்கருத்து. இதற்குச் சான்றுகள் விரைவில் கிடைக்கத் தொடங்கின. 1994-இல் எடின்பரோவில் ஹிலரி கிரிட்ச்லியும் அவருடைய துணைவர்களும், படலத்தின் இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள உயிரணுக்களில் எட்டாம் இன்டர்லூக்கின் இருப்பதைக் காட்டினர். வெள்ளணுக்கள் உள்ளே நுழைய வேண்டிய வாயிலிலேயே அவற்றை அழைக்கும் தூது நிற்பது தெரியவந்தது.

இன்று நாம் அறிந்துள்ளபடி, நிகழ்ச்சிகளின் ஒழுங்கு இது. புரோஜெஸ்டிரோன் இருக்கும்வரை அழற்சித் தூதுகள் அடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அது குறைந்ததும் அத்தடை நீங்குகின்றது. படலத்தின் உயிரணுக்கள் எட்டாம் இன்டர்லூக்கினையும் அதைப் போன்ற பிற தூதுகளையும் புரோஸ்டாகிளாண்டின்களையும் சுரக்கின்றன. மார்க்கி கண்ட சுருள் குழாய்கள் சுருங்குகின்றன. வெள்ளணுக்கள் திரளுகின்றன, மாதவிடாயை ஒட்டிய நாட்களில் படலத்து உயிரணுக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் வெள்ளணுக்களாகவே இருத்தல் கூடும். திசுவைப் பிணைத்துள்ள நார்களை அறுக்கும் நொதிகள் பின்னர் வெளிப்படுகின்றன. இவ்வகை நொதியை முதன்முதலில், 1962-இல், எங்கே கண்டார்கள் தெரியுமா? தவளைக் குஞ்சின் வாலில்! தவளையாக மாறும்போது வால் கரைந்து மறைவது இந்நொதியின் செயலே. அதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளே பெண்ணின் கருப்பைப் படலத்தையும் கரைக்கின்றன. அவற்றைத் தடுத்தால், வளர்ப்புக் கலத்தில் உள்ள படலம் சிதையாமல் நிற்கின்றது என்று பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் காட்டினர்.

சிதைவோடு கதை முடிவதில்லை. இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே, இரண்டாம் மூன்றாம் நாட்களிலேயே, படலம் தன்னைத் தானே மூடிக்கொள்ளத் தொடங்குகின்றது. உடலில் வேறெங்கேனும் இவ்வளவு பரப்பில் புண் உண்டானால் தழும்பு நிச்சயம். கருப்பையிலோ, ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ 400 முறை இப்புண் உண்டாகி, ஒவ்வொரு முறையும் தழும்பின்றி ஆறுகின்றது. இதன் இரகசியத்தை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் லோயிஸ் சாலமன்சனும் ஜெம்மா எவான்ஸும் தேடினர். மாதவிடாய் நீர்மத்தில் உள்ள தூதுப் பொருள்கள் கருப்பை உயிரணுக்களில் மட்டுமின்றித் தோல் உயிரணுக்களிலும் புண் ஆறுதலைத் தூண்டுகின்றன என்று 2019-இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. பயிரைக் கருக்கும் என்று பிளினி எழுதிய பொருளில், புண்ணை ஆற்றும் பொருள்கள் காணப்பட்டன.

ஆராய்ச்சியின் பயன் இத்துடன் நிற்கவில்லை. கருப்பைப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, வயிற்றறையில் வளர்ந்து கடும் வலியைத் தரும் நோய் ஒன்று உண்டு. எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் பெயர். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் விழுவதால் இது தோன்றுகின்றது என்று அமெரிக்க மருத்துவர் சாம்ப்சன் 1927-இல் கூறினார். ஆனால் அவ்வாறு பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களிடம் நிகழ்வதே என்று பின்னர் தெரிந்தது. பலருக்கு நிகழ்வது சிலருக்கு மட்டும் நோயாவது ஏன்? அவர்களுடைய படலத்தின் தூதுகளும் வெள்ளணுக்களும் வேறுபட்டிருக்குமோ?

நியூயார்க் மாநிலத்தில் ஃபைன்ஸ்டீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், பெண்கள் தாமே சேகரித்து அளித்த மாதவிடாய் நீர்மத்தை ஆராய்ந்து 2018-இல் தம் முடிவை வெளியிட்டனர். இந்நோய் உள்ளவர்களின் நீர்மத்தில் ஒருவகைக் காவல் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. படலத்து உயிரணுக்கள் கருவை ஏற்க ஆயத்தமாகும் திறனும் குன்றியிருந்தது. இது இன்னும் மருத்துவமனைகளின் வழக்கமான சோதனையாக நிலைபெறவில்லை. ஆயினும், வயிற்றில் துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்த்தே பெரிதும் உறுதி செய்யப்பட்டு வந்த ஒரு நோயை, கத்தி படாமல் அறியும் வழி ஒன்று புலப்பட்டுள்ளது. இதற்கு முன்பே, 2012-இல், அந்நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் மாதவிடாய் இரத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை இனங்கண்டிருந்தனர். அவற்றுள் 385 புரதங்கள், அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த சாதாரண இரத்தத்திலும் பிறப்புறுப்பு நீர்மத்திலும் காணப்படாதவை. நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தம் சொல்லாத செய்திகளை இது சொல்லக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

தீட்டு என்று தள்ளியதை இனி அமுதம் என்று போற்ற வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது மற்றோர் எல்லைக்குச் செல்வதாகும். பிற இரத்தத்தைப் போலவே இதன் வழியாகவும் தொற்று நோய்கள் பரவக்கூடும். ஆகவே தூய்மை வேண்டும். ஆனால் தூய்மை வேறு, தீட்டு வேறு. கையைக் கழுவச் சொல்வது தூய்மை. பெண்ணைத் திண்ணையில் ஒதுக்கி வைப்பது தீட்டு. முன்னதற்கு விஞ்ஞானத்தின் துணை உண்டு, பின்னதற்கு இல்லை.

ஷிக் நோய் எதிர்ப்புத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் என்று தொடக்கத்தில் கூறினோம். அவர் தேடிய நீர்மத்தில் அவருடைய துறைக்கே உரிய செல்வம் நிறைந்திருந்தது. அதைக் காணும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் கருவிகள் வந்த பின்னரும், இத்துறைக்கு வந்தவர்கள் சிலரே. இரத்தம், உமிழ்நீர், சிறுநீர் ஆகியவற்றை ஆராயத் தயங்காத உலகம், இதை மட்டும் பேசவும் கூசியது. அக்கூச்சத்தின் விலையைச் செலுத்தியவர்கள், காரணம் அறியாமல் ஆண்டுக்கணக்கில் வலியைத் தாங்கிய பெண்கள்.

மாதந்தோறும் வலியால் வகுப்புக்கு வர இயலாத தோழி உங்களுள் சிலருக்கு இருக்கலாம். தமக்கையோ தங்கையோ இருக்கலாம். அவ்வலி கற்பனை அன்று. அளந்து அறியப்பட்ட பொருள்களால் விளைவது. பொறுத்துக்கொள் என்று சொல்லி நிறுத்தாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவிகளுக்கு மட்டுமன்றி மாணவர்களுக்கும் இது கடமை. உங்களுள் எவரேனும் நாளை உயிரியலோ மருத்துவமோ பயின்று ஆராய்ச்சித் துறையில் புகுந்தால், அங்கே இன்னும் விடை காணாத வினாக்கள் பல காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடை தேடும்போது, ஜெரூசலத்தில் ஸோண்டெக் முதலில் கேட்ட கேள்வியை நீங்களும் முதலில் கேளுங்கள்: எலியைக் கொன்றது எது?